மடக்கிப் போட்ட வரிகளை வாசிப்பது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளில் பாட வேலையோடு நூலகப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியர்களுக்கும், பொது நூலகங்களின் சிறுவர் பிரிவுக்கு நூல் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் வணக்கம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. எங்களுக்கு இன்னும் அது ஒரே வடாற்காடுதான். ஆகவே மூன்று மாவட்டத்துக்கும் ஒரே மடல்.

பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் கவிதை நாவல்கள் (முழுக் கதையையும் கவிதைகளாகவே சொல்லும் நாவல்கள்) உங்கள் மேசைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் சில, ஒரு சிறுமிக்கு இன்னொரு சிறுமியின்மீதோ ஒரு சிறுவனுக்கு இன்னொரு சிறுவன்மீதோ முதன்முதலாக வரும் ஈர்ப்பையும், ‘அப்படியானால் நான் யார்?’ என்ற குழப்பத்தையும் சொல்பவை. இவற்றைப் பற்றி எழுதப்படும் மதிப்பீட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, ‘சிறுவர் பிரிவுக்குப் பொருந்தாது.’ மற்றொன்று, ‘முற்போக்கான கருத்து, வாங்கலாம்.’ இரண்டையும் பின்னட்டையை மட்டும் பார்த்தே எழுதிவிட முடியும் என்பதுதான் எங்கள் குறை. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: கதை என்ன என்று பார்க்கும் முன்னால், வரி எங்கே மடக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்த நூல்களில் குழந்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதது எல்லாம் சொற்களில் இல்லை, வரி முடிந்தபின் விடப்பட்ட வெற்றிடத்தில் இருக்கிறது.

‘உரைநடையை மடக்கிப் போட்டால் கவிதை ஆகிவிடுமா?’ என்பது நம்மிடையே பழைய கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அழ. வள்ளியப்பாவின் எதுகையிலும் மோனையிலும் வளர்ந்த காதுக்கு இந்த நாவல்களின் வரிகள் வறண்டுதான் கேட்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கீழே இருப்பது இந்த மடலுக்காக எழுதிய எடுத்துக்காட்டு:

அவள் பக்கத்தில்
உட்கார வேண்டும் என்று
நான்
நினைக்கவே
இல்லை
என்று அம்மாவிடம் சொன்னேன்.

இதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்: ‘அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.’ செய்தி அதேதான், ஆனால் நடந்தது போய்விட்டது. மடக்கிய வடிவில் வாசிக்கிறவர், ‘நான்’ வரும் வரையில் ஆசையைக் கேட்கிறார். ‘இல்லை’ என்ற இடத்தில் மறுப்பைக் கேட்கிறார். கடைசி வரியில் அந்த மறுப்பே அம்மாவிடம் சொன்ன ஒரு பேச்சு என்று தெரிகிறது. பொய் என்ற சொல் எங்கும் இல்லை. தமிழில் வினை கடைசியில் வருவதும், எதிர்மறை அந்த வினையையும் தாண்டி நிற்பதும் இதற்குக் கிடைத்த பெரிய வசதி. ஒரு நாவலில் ஐந்து பக்கங்களை இப்படி நேராக்கி எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது வெறுமனே மடக்கிப் போட்டதுதான்; தாராளமாக நிராகரியுங்கள். கரு நல்லது என்பதற்காக மோசமான வரிகளை அலமாரியில் ஏற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இனி உண்மையான ஒரு நூல். கே.ஏ. ஹோல்ட் எழுதி 2019இல் வெளிவந்த ‘ரெட்வுட் அண்ட் போனிடெயில்’ அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புச் சிறுமிகள் இருவரைப் பற்றியது. டாம் நெடுநெடுவென்று வளர்ந்த வாலிபால் ஆட்டக்காரி. கேட் உற்சாக ஆட்டக் (சியர்லீடர்) குழுவின் தலைவியாக விரும்புகிறவள், ஒரு முடி பிசகாத குதிரைவால் சடைக்காரி. ஒருவரையொருவர் பார்த்த நாளிலிருந்து இருவருக்குள்ளும் ஏதோ மாறுகிறது. கதைச் சுருக்கம் இவ்வளவுதான், புத்தகமோ தடிமன். அந்தத் தடிமன் முழுவதும் இரண்டு குரல்கள் மாறிமாறிப் பேசுவதும், சில பக்கங்களில் அக்கம்பக்கமாக ஒரே நேரத்தில் பேசுவதும்தான். இவர்களைக் கவனித்துக்கொண்டே கருத்துச் சொல்லும் மூவர் குழு ஒன்றும் உண்டு.

இந்த அமைப்பு நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்க அகப்பாட்டு முழுவதும் கூற்றுதான். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று. புலவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. யார் யாரிடம் சொன்னது என்பதைப் பாட்டோடு வரும் துறைக்குறிப்பு சொல்கிறது. கவிதை நாவலில் அந்த வேலையைத் தலைப்புகள் செய்கின்றன. அந்த மூவர் குழுவைக் கண்டோர் என்றே எடுத்துக்கொள்ளலாம். அகப்பாட்டில் ஊரார் முணுமுணுப்பு முகிழ்க்கும்போது அம்பல், விரிந்துவிட்டால் அலர். பள்ளி வராந்தாவில் அம்பல் எந்தப் பக்கத்தில் அலராகிறது என்று தேடிக் குறித்துவைத்தால் நூலின் பாதி கட்டமைப்பு கைக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அகத்திணையின் காதல் வளர்ந்தவர்களுடையது, இது பன்னிரண்டு வயதின் படபடப்பு. கடன் வாங்க வேண்டியது பேச்சின் அமைப்பை மட்டுமே.

செய்யாறு, ஆரணிக்கு அருகில் உள்ள ஆசிரியர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடித் தன்னை அறிவிக்கிறார். கட்டியங்காரன் குறுக்கே பேசிக் கேலி செய்கிறான். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள். திரை இன்னும் விலகவில்லை, குரல் மட்டும் வந்துவிட்டது. இந்த நாவல்களின் முதற்பாதி முழுக்க அந்த நிலைதான். (கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதைக் காட்டி ‘இதெல்லாம் நம் ஊரில் அப்போதே உண்டு’ என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். வேடம் வேறு, அடையாளம் வேறு. அந்த ஒப்பீடு கூத்துக் கலைஞருக்கும் நியாயம் செய்யாது, பிள்ளைக்கும் செய்யாது.)

மதிப்பீடு செய்கிறவர் கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் இருபது கவிதைகளுக்கு மட்டும் துறைக்குறிப்பு எழுதட்டும்: யார் சொல்கிறாள், யாரிடம், யாருக்குத் தெரியாமல். மூன்றாவதுதான் முக்கியம். தொடக்கத்தில் பேச்சு தனக்குள்ளேயே இருக்கும். பிறகு மனத்துக்குள் அம்மாவிடமோ தோழியிடமோ வாதாடும். ஏதோ ஒரு கவிதையில், அதுவரை ‘அவள்’ என்று குறிப்பிடப்பட்டவள் ‘நீ’ ஆவாள். அப்படி ஓரிடம் இருந்தால் திருப்புமுனை அதுதான். கை கோர்க்கும் காட்சி அல்ல. இருபது கவிதை கடந்தும் மூன்றாவது கேள்விக்கு ஒரே பதில்தான் வருகிறது என்றால், ஆசிரியர் பாத்திரத்தை விட்டுவிட்டுக் கருத்தைப் பிடித்துக்கொண்டார் என்று பொருள்.

தமிழாக்கம் வந்தால் சரிபார்க்க வேண்டியவை வேறு, அவற்றில் இலக்கணம் முதலில் வரும். நான் வந்தேன், நீ வந்தாய் என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. படர்க்கையிலோ ஒவ்வொரு வினைமுற்றும் பாலைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் பெண் என்பது ஒரு சிறு சுட்டுப்பெயரில் ஒளிந்துகொள்ளும். தமிழில் சிரித்தாள், ஓடினாள், திரும்பினாள் என்று வரிக்கு வரி ‘ஆள்’ என ஒலித்து, கேட்காத இயைபாகிக் காதைக் குத்தும். கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர் எச்சங்களால் நகர்த்துவார்: சிரித்து, ஓடி, திரும்பி, பிறகு ஒரே ஒரு முற்று. மனத்துக்குப் பிடித்தவர் ஆணா பெண்ணா என்று நாவல் வேண்டுமென்றே மறைத்திருந்தால் சிக்கல் கூடும். ‘அவர்’ என்று போட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வகுப்புத் தோழரைப் பெரியவராக்கிவிடும். ‘அவர்கள்’ என்றால் கூட்டமாகிவிடும். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதோ, முன்னிலைக்கு மாற்றுவதோதான் நெருடாமல் நிற்கும். ஹோல்ட் நூலின் கண்டோர் மூவருக்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஏறக்குறைய ஒன்று, எழுத்து மட்டும் மூன்று விதம். தமிழில் மூவரும் ‘அலெக்ஸ்’ ஆகிவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன வழி செய்தார்கள் என்று பார்த்தாலே மொழிபெயர்ப்பின் தரம் தெரிந்துவிடும்.

பட்டப்பெயர்களும் அப்படித்தான். ரெட்வுட் கலிபோர்னியாவின் வானளாவிய மரம். நம் ஊரில் உயரமான சிறுமியை ஒட்டடைக்குச்சி, பனைமரம் என்பார்கள், அது கேலி. நாவலில் அது வியப்பு. ஆகவே பனைமரம் என்று மாற்றினால் மரம் வந்துவிடும், அன்பு போய்விடும். மரத்தின் பெயரை அப்படியே விட்டு, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரியில் உயரத்தைச் சொல்வதே மேல். குதிரைவால் சடையை மட்டும் நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை பிசகினால் காலை வணக்கக் கூட்டத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, ஒழுங்கான சடை யாருடைய விருப்பம் என்ற கேள்வி உடனே புரியும்.

அச்சில் அதிகம் கெடுவது இரட்டைப் பத்தி. டெமி அளவுப் பக்கத்தில் ஓரம் போக இரண்டு பத்தி போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குலம்கூடக் கிடைக்காது. ‘சொல்லிக்கொண்டிருக்கிறாள்’ என்ற ஒரே சொல் அந்த அகலத்தைத் தின்றுவிடும், அல்லது மடங்கி அடுத்த வரிக்குப் போகும். கணினி மடக்கிய வரி எது, கவிஞர் மடக்கிய வரி எது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு குரலுக்கு ஒரு பக்கம் என்று போடுவது நல்ல தீர்வு. இதே காரணத்தால், கவிதையை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து சக ஆசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள். இடைவெளி எல்லாம் இடம் மாறிவிடக்கூடும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.

வகுப்புக்கு வருவோம். நாற்பது நிமிடம், நாற்பது பிள்ளைகள், ஐந்து பிரதி இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு வேளைக்கு மூன்று கவிதைக்கு மேல் எடுக்காதீர்கள். முதலாவது காதல் வராத கவிதையாக இருக்கட்டும், வாலிபால் ஆட்டக் கவிதை போல. முதல் வாசிப்பு ஆசிரியருடையது: வரி முடிவில் அரை மூச்சு, பத்தி இடைவெளியில் ஒரு மூச்சு, பெரிய வெற்றிடத்தில் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தொடர வேண்டும். அந்த இரண்டு நொடி மௌனத்தை ஆசிரியர்களால்தான் தாங்க முடிவதில்லை. உடனே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். அடுத்து, இரட்டைப் பத்திக் கவிதையை இரண்டு குழுக்கள் சேர்ந்து வாசிக்கட்டும், மூன்றாவது குழு கண்டோர். இங்கே எப்போதும் நடப்பது, இரு குழுவும் போட்டி போட்டு ஓடி, யார் சொல்வதும் கேட்காமல் போவது. இரு பத்தியிலும் பொதுவாக வரும் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றில் மட்டும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற இடங்களில் அவரவர் வேகம். அந்தச் சேரும் இடங்கள்தான் கவிதை என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். கடைசியாகக் கரும்பலகையில் நான்கு வரியை எழுதி, வேறு இடத்தில் மடக்கச் சொல்லுங்கள். எந்த மடக்கு எதை மறைக்கிறது, எதைக் காட்டிக்கொடுக்கிறது என்ற பேச்சு தானாகவே எழும்.

யார் எந்தக் குரல் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள், கவிதைக்குக் கவிதை மாற்றுங்கள். உயரமான பெண்ணுக்கு டாமின் வரிகளைக் கொடுத்தால் ஆண்டு முடியும்வரை அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டிக்கொள்ளும். ‘மையக்கருத்து என்ன?’ வேண்டாம், பொழிப்புரை வேண்டவே வேண்டாம். ‘நீ இவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?’ என்ற கேள்வி எல்லாக் கதைக்கும் நல்ல கேள்வி, இந்தக் கதைக்கு மட்டும் ஆபத்தானது. வகுப்பில் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கும் ஒரு பிள்ளை நாற்பது பேர் முன்னால் பொய் சொல்ல வேண்டும், அல்லது தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியது வரியைப் பற்றி: இந்த இடத்தில் அவள் எதைச் சொல்லாமல் விட்டாள்? முதல் ஐந்து நிமிடச் சிரிப்பு கூச்சத்தால் வருவது, ஆண்கள் பள்ளியில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதற்குத் தண்டனை தேவையில்லை. ஆனால் யாராவது, திருநங்கையரை இழிவுபடுத்தும் அந்த எண்ணைச் சொல்லிக் கேலி செய்தால் அந்த இடத்திலேயே ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வாசிப்பைத் தொடருங்கள். சொற்பொழிவு ஆரம்பித்தால் கேலிக்குத்தான் மேடை கிடைக்கும்.

சொற்களைப் பற்றித் தயக்கம் இருந்தால், பால்புதுமையர் (குயர்), தன்பாலீர்ப்பு, திருநர் (டிரான்ஸ்ஜெண்டர்) போன்ற மதிப்பான சொற்கள் தமிழில் இருக்கின்றன. சென்னை உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசே 2022இல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. அந்தச் சொற்கள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாத்திரத்தின்மேல் ஒட்ட வேண்டியதில்லை. இந்த வயது நாவல்களில் பலவற்றில் பிள்ளை தனக்கு எந்தப் பெயரும் சூட்டிக்கொள்வதில்லை. ‘தெரியவில்லை’ என்றே நிற்கும். ‘ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை?’ என்று குறைப்படும் விமர்சகரும், ‘பார், வெறும் குழப்பம்தான், போய்விடும்’ என்று நிம்மதியடையும் விமர்சகரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பிள்ளை வெற்றிடம் விட்ட இடத்தில் தங்கள் சொல்லை எழுதுகிறார்கள்.

சட்டத்தை நினைத்து அஞ்சுகிறவர்களுக்கு: தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. இது நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை அளிக்க முயல்வதை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. ஆகவே, வாசிப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை தனியாக வந்து ‘எனக்கும் இப்படித்தான் டீச்சர்’ என்றால், அது புகார் அல்ல, நோய்க்குறியும் அல்ல. கேளுங்கள், சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். ஆசிரியர் அறைக்கும் வீட்டுக்கும் அந்தப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்குத் தெரிந்த மறுநாள் படிப்பு நிற்கக்கூடும், அடி விழக்கூடும். ஆனால் யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று அந்தப் பேச்சில் வந்தால் அது வேறு. அப்போது மறைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098. மனநலத்துக்கு டெலிமானஸ் 14416.

அலமாரி விஷயம் சிறியது, ஆனால் அங்கேதான் புத்தகம் காணாமல் போகிறது. கவிதை என்பதால், நூல்களை எண்ணால் வகைப்படுத்தும் டியூயி முறையில் அமெரிக்கக் கவிதைக்கான 811க்குக் கீழே போய்விடும், அமெரிக்கப் புனைகதையின் 813இல் தேடுகிற பிள்ளைக்குக் கிடைக்காது. தமிழிலும் அதே கதைதான்: 894.8111 கவிதை, 894.8113 புனைகதை. நாவலோடு வையுங்கள். ‘காதல்’ என்று அட்டையில் இருப்பதால் பெரியவர் பிரிவுக்கு அனுப்பாதீர்கள். பால்புதுமையரின் அடையாளமான வானவில்லை முதுகில் ஒட்டவும் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அந்தப் புத்தகம் யாருக்குத் தேவையோ அவர் கை அதன் பக்கமே போகாது. எல்லாப் புத்தகத்துக்கும் போடும் காக்கி அட்டையையே இதற்கும் போடுங்கள். வழங்கல் பதிவேடு மேசைமேல் விரிந்து கிடந்தால் யார் எதை எடுத்தார் என்பது மதிய இடைவேளைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். பதிவேட்டை மூடி வையுங்கள், ஒரு பிரதியை அங்கேயே உட்கார்ந்து படிக்க என்று ஒதுக்குங்கள்.

நாவலை முதலில் நீங்கள் மட்டும், சத்தம் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். பக்கத்துக்குச் சொற்கள் குறைவு, இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். ‘பொருந்தாது’ என்றோ ‘வாங்கலாம்’ என்றோ அதற்குப் பிறகு எழுதுங்கள். எதை எழுதினாலும், எந்தப் பக்கத்தின் எந்த வரியால் அப்படி எழுதினீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய வடாற்காட்டு வாசகர் சிலர்